ஸ்டோ தோட்டத்துச் சிலைகள் எல்லாமே நகலா?

வாசகர் கேள்வி, 6 ஏப்ரல்

போன வாரம் இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஸ்டோ தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். நாலு மணி நேரம் நடந்து கால் விட்டுப்போச்சு. சிலைகள் பிரமாதம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த தன்னார்வலர் ஒருவர், "இதில் பலது புதுசு, அசல் எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஏலத்தில் போயிடுச்சு" என்றார். நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? இது ஏமாற்று வேலை இல்லையா?

6 ஏப்ரல், இரவு 11.10

நான் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். ஸ்டோ எனக்கு அரை மணி நேர கார் தூரம், ஒன்பது வருடத்தில் இருபது தடவையாவது போயிருப்பேன், அதனால் பதில் சொல்லும் உரிமையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

தன்னார்வலர் சொன்னது சரி. ஆனால் ஏலம் ஒன்றல்ல, இரண்டு. 1848இல் பக்கிங்ஹாமின் 2ஆவது டியூக் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் கடனில் மூழ்கி, வீட்டுச் சாமான்களை 40 நாள் தொடர்ந்து ஏலம் விட்டார். மிச்சம் இருந்ததை 1921-22இல் விற்றார்கள், தோட்டத்துச் சிலைகள் பெரும்பாலும் அப்போதுதான் நாலா திசைக்கும் போயின. 1923இல் அந்த மாளிகை பள்ளிக்கூடமானது. தோட்டம் 1989இல், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எது எங்கே போனது என்று தேடித் தேடி, திரும்பக் கிடைக்காததற்கு அச்செடுத்து நகல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏமாற்று வேலையா? இல்லை. ஏன் இல்லை என்பதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

7 ஏப்ரல், மாலை

சரி. மாளிகையின் தெற்குப் பக்கப் படிக்கட்டில், முன்காலைப் பந்தின் மேல் வைத்து நிற்கும் இரண்டு சிங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நகல். 18ஆம் நூற்றாண்டில் செய்த ஈயச் சிங்கங்கள் ஏலத்துக்குப் பிறகு பிளாக்பூல் நகரத்து ஸ்டான்லி பூங்காவுக்குப் போய்விட்டன, இன்றும் அங்கேதான்.

சரி, பிளாக்பூல் சிங்கம் அசலா? அதுவும் இல்லை. ரோமில் மெடிச்சி மாளிகையில் நின்ற பளிங்குச் சிங்கங்களைப் பார்த்து வார்த்தது அது. ரோமுக்குப் போனால்? அங்கே இப்போது நிற்பதும் நகல், பளிங்கு ஜோடியை 1789வாக்கில் ஃபிளாரன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஃபிளாரன்ஸ் ஜோடியிலாவது? அதில் ஒரு சிங்கம்தான் பழைய ரோமானியர் காலத்தது, அதற்கு ஜோடி வேண்டும் என்று 1590களில் ஃபிளமினியோ வாக்கா என்ற சிற்பி இன்னொன்றைச் செதுக்கினார். ஆக, ஸ்டோ படிக்கட்டில் நிற்பது நகலின் நகல். அதில் ஒன்று, ஆரம்பத்திலேயே ஜோடிக்காகச் செய்தது.

இங்கிலாந்து பிரபுக்களின் தோட்டங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பையன் இத்தாலிக்குச் சுற்றுலா போவான், ரோமில் ஒரு சிலையைப் பார்த்து மயங்குவான், திரும்பி வந்ததும் லண்டன் ஹைட் பார்க் கார்னரில் ஜான் சீர் என்பவரின் பட்டறைக்குப் போய், "அந்த மல்யுத்த வீரர்கள் ஒரு செட், மெர்க்குரி தேவன் ஒன்று" என்று ஆர்டர் கொடுப்பான். பட்டறை முற்றத்தில் சாம்பிள் வரிசையாக நிற்கும். பாத்திரக் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு இருக்கும்வரை எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். அன்றைக்கே இது நகல் என்று எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் அதில் வெட்கமும் இல்லை.

என் கட்சி இதுதான்: சிலை நகலாக இருக்கலாம், எந்தச் சிலையை எங்கே யாரைப் பார்க்க நிறுத்தினார்கள் என்பதுதான் அசல்.

7 ஏப்ரல், இரவு

"ஈயச் சிங்கமா? ரசம் வைக்கிற ஈயமா?" என்று கேட்டவருக்கு: இல்லை, இல்லை. ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம். இதில் ரசம் வைத்தால் உங்களுக்கும் தோட்டத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டியிருக்கும்.

8 ஏப்ரல்

காரீயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 327 டிகிரியிலேயே உருகிவிடும், வெண்கலத்தையும் பளிங்கையும்விட மலிவு, மழைக்கு அசையாது. அதனால்தான் இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு அதைப் பிடித்துப்போனது. துண்டு துண்டாக வார்த்து, உள்ளே கூடு விட்டு, நடுவே இரும்புக் கம்பி கொடுத்து ஒட்டுவார்கள். வினையே அந்தக் கம்பிதான். எங்கேயாவது ஒரு மூட்டு விட்டு தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து உப்பும், ஈயம் வெடிக்கும். அப்புறம், காரீயம் தன் எடையிலேயே மெதுவாகத் தொய்யும். 250 வருடம் ஒற்றைக் காலில் நின்ற மெர்க்குரிக்குக் கணுக்கால் மடிந்துபோவதும், கையை நீட்டிக்கொண்டிருக்கும் தேவதைக்குக் கை இறங்கிப்போவதும் அதனால்தான். வயதானால் நமக்கும் அப்படித்தானே.

இன்னொன்று தெரிந்தபோது எனக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. இன்று நாம் ரசிக்கும் அந்தச் சாம்பல் நிறத்தில் அன்றைக்குப் பிரபுக்கள் பெரும்பாலும் சிலை வைக்கவில்லை. பளிங்கு மாதிரியோ கல் மாதிரியோ தெரியட்டும் என்று வெள்ளை அடித்தார்கள். சில ஆட்டிடையன், ஆட்டிடையச்சி சிலைகளுக்குக் கன்னத்தில் ரோஸ், சட்டைக்கு நீலம் என்று முழு மேக்கப். கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கலாமா என்று இங்கே போன வருடம் நாற்பது பேர் சண்டை போட்டது நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கமே நான் வரவில்லை.

11 ஏப்ரல்

"யாரைப் பார்க்க நிறுத்தினார்கள் என்று சொல்கிறீர்களே, உதாரணம்?" என்று கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன், அதனால் நீளும்.

ஸ்டோவைப் பெரிதாக்கியவர் ரிச்சர்ட் டெம்பிள், கோபம் பிரபு. எழுத்துப்பிழை இல்லை. ஆங்கிலத்தில் அவர் பட்டத்தைச் சொல்லும் விதத்தை அப்படியே தமிழில் எழுதினால் கோபம்தான் வருகிறது. குடும்பப் பெயர் டெம்பிள் என்பதால் தோட்டம் முழுக்கக் கோயிலாகக் கட்டினார், "கோயில்கள் எத்தனை இனியவை" என்று லத்தீனில் குடும்ப வாசகம் வேறு. கோபமும் வந்தது. 1733இல் பிரதமர் வால்போல் மதுவுக்கும் புகையிலைக்கும் வரி கொண்டுவரப் பார்த்தார், கோபம் எதிர்த்தார், உடனே அவரிடமிருந்து படைப்பிரிவைப் பிடுங்கிவிட்டார்கள். ராணுவத்தில் வளர்ந்த மனிதர். வீட்டுக்கு வந்து தோட்டத்தில் அரசியல் பண்ணினார்.

வில்லியம் கென்ட் என்ற தோட்ட வடிவமைப்பாளரை வைத்து, எலீசியன் ஃபீல்ட்ஸ், அதாவது சொர்க்கம், என்று ஒரு சின்னப் பள்ளத்தாக்கை அமைத்தார். மேட்டில் "பழைய அறம்" என்று வட்டமான ஒரு கோயில், உள்ளே பழைய கிரேக்கர்களான ஹோமர், சாக்ரடீஸ், லைகர்கஸ், எபமினாண்டஸ், நாலு பேரும் முழு உருவம். அதற்குப் பக்கத்திலேயே "புதிய அறம்" என்று இன்னொன்று. அதைக் கட்டும்போதே இடிபாடாகக் கட்டினார்கள், உள்ளே தலையில்லாத ஒரு சிலை. அந்த முண்டம் வால்போல் என்று அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டு சிரித்தார்கள். பின்னமான சிலையை நம் ஊரில் கும்பிட மாட்டோம், ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடுவோம். இவர் திட்டுவதற்கென்றே பின்னமாக ஒன்று செய்து வைத்தார்.

கீழே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் மேன்மக்களின் கோயில். பிறை மாதிரி வளைந்த சுவரில் 16 மாடம், 16 மார்பளவுச் சிலை. ஒரு பக்கம் யோசித்தவர்கள்: மில்டன், ஷேக்ஸ்பியர், லாக், நியூட்டன், பேக்கன் வகையறா. இன்னொரு பக்கம் செய்தவர்கள்: ஆல்ஃபிரட் மன்னர், ராலி, டிரேக், இப்படி. பெண் ஒருத்திதான், முதலாம் எலிசபெத். சிலை வைத்தபோது உயிரோடு இருந்தவர்களும் உண்டு. கவிஞர் போப் ஒருவர், இன்னொருவர் ஜான் பார்னார்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். பார்னார்ட் எதற்காக நியூட்டனோடு உட்கார்ந்திருக்கிறார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த வரியை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் கட்-அவுட் கலாச்சாரம் தெரிந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பின்பக்கம் போய்ப் பார்க்காமல் வந்திருந்தால் திரும்பப் போங்கள். சீன்யோர் ஃபீடோ என்பவருக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. இத்தாலிக்காரர், ஆனாலும் நேர்மையாகப் பிழைத்தார், விசுவாசமான நண்பர், அன்பான கணவர் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி வரியில் இவர் மனிதரல்ல, வேட்டை நாய் என்று முடிகிறது. நாயைப் புகழ்ந்ததில் முகஸ்துதி கிடையாது என்று ஒரு குத்து வேறு.

ஏரித் தீவில் நாடக ஆசிரியர் காங்ரீவுக்கு ஒரு சின்னப் பிரமிடு, உச்சியில் ஒரு குரங்கு கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கும். அது எனக்குப் பிடித்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, போய்ப் பாருங்கள்.

12 ஏப்ரல், காலை

திருத்தம். நேற்று நீட்டி முழக்கிவிட்டுப் படுத்த பிறகு உறைத்தது. அந்த 16 தலைகளில் எட்டு, ரிஸ்ப்ராக் என்ற சிற்பி செதுக்கியவை, வேறு இடத்துக்காகச் செய்தவை. கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய ஒரு மண்டபத்தில் முதலில் இருந்தன, 1730களில் கென்ட் சுவர் கட்டியபோது அங்கிருந்து தூக்கி வந்து, மிச்ச எட்டை ஷீமேக்கர்ஸ் என்ற இன்னொரு சிற்பியிடம் செய்து வாங்கி, சேர்த்து வைத்தார்கள். அதாவது "இடம்தான் அசல்" என்ற என் கட்சி, நானே கொடுத்த முக்கிய உதாரணத்திலேயே பாதி அவுட். வைத்துக்கொள்ளுங்கள்.

19 ஏப்ரல்

"சிலைகளைப் பாதுகாக்க வேண்டியதுதானே, நகல் எதற்கு" என்பவருக்கு என் சொந்தக் கதை.

மூன்று வருடம் முன்பு ஒரு தோட்டச் சாமான் கடையில் ஒரு சிங்கம் வாங்கினேன், 85 பவுண்டு. பழைய போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல், ஏதோ ஒரு எஸ்டேட்டிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். பாசி பிடித்து, மூக்கு தேய்ந்து, பார்க்க அவ்வளவு அம்சம். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாக நான் என்ன செய்தேன், பிரஷர் வாஷர் போட்டு அடித்தேன். ஐந்து நிமிடத்தில் பிடரி போனது. அடியில் கருங்கல் ஜல்லி எட்டிப் பார்த்தது. சிமென்ட். மிச்சத்தைக் குளிர்காலம் பார்த்துக்கொண்டது: தேய்ந்த இடத்தில் தண்ணீர் ஊறி, இரவில் உறைந்து, தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பெருக்கும் இல்லையா, பிப்ரவரியில் ஒரு காலை பார்த்தால் முன்கால் தனியாகப் படுத்திருக்கிறது. மனைவி இன்னும் அதை "உங்க எஸ்டேட்" என்றுதான் சொல்கிறாள்.

பளிங்குக்கும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. பெரிய தோட்டங்களில் குளிர்காலத்தில் சிலைகளுக்கு உறை மாட்டி மூடி வைப்பது அதனால்தான். டிசம்பரில் போனால் வரிசையாக மூட்டைகள் நிற்கும், அதுவே ஒரு காட்சி. நிலக்கரிப் புகை காலத்துக் கந்தக அமிலம் பளிங்கின் மேல்தோலை ஜிப்சமாக்கித் தின்றது தனிக்கதை.

திருட்டும் இருக்கிறது. 2005 டிசம்பரில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஹென்றி மூரின் சாய்ந்த உருவம் ஒன்றை, 2 டன் வெண்கலம், லாரியில் கிரேன் வைத்துத் தூக்கிப் போனார்கள். மதிப்பு 30 லட்சம் பவுண்டு. உருக்கி விற்றதில் 1,500 பவுண்டு கிடைத்திருந்தாலே அதிகம் என்றது போலீஸ். அது தற்காலச் சிலை, கேமரா எல்லாம் இருந்த இடம். அத்துவானக் காட்டில் நிற்கும் ஈயச் சிலைக்கு யார் காவல்?

19 ஏப்ரல், பின்குறிப்பு

மழைக்கும் பனிக்கும் அசராத ஒன்று உண்டு, கோட் கல். பெயர்தான் கல், உண்மையில் சுட்ட மண். எலினார் கோட் என்ற பெண்மணி 1769இல் லண்டன் லாம்பெத்தில் ஆரம்பித்த பட்டறை. களிமண்ணோடு ஏற்கெனவே சுட்டு அரைத்த பொடி, சிக்கிமுக்கிக்கல், கண்ணாடி எல்லாம் கலந்து 1,100 டிகிரியில் நாலு நாள் சுடுவார்கள். அய்யனார் குதிரைக்கு ஆங்கிலேயச் சித்தி மகள் என்று சொல்லலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து முனையில் வெள்ளையாக நிற்கும் சிங்கம் அதுதான், 1837ஆம் வருடத்தது, இன்னும் நகம் நகமாகத் தெரியும். என்னுடையதைப் பற்றிப் பேச வேண்டாம்.

2 மே

எதிர்ப்பக்கமும் நடக்கும். சஃபோக்கில் ஒரு குடும்பம் தோட்டத்துக்கு என்று 300 பவுண்டுக்கு ஒரு ஜோடி ஸ்ஃபிங்க்ஸ், அதாவது மனிதத் தலையும் சிங்க உடலுமான சிலைகள், வாங்கியிருந்தது. தலை சரியாக ஒட்டாமல் இருந்ததால் சிமென்ட் வைத்து வேறு பூசியிருந்தார்கள். வீடு மாறும்போது 2021இல் ஏலத்துக்குப் போட்டால், நிஜமான பழைய எகிப்தியச் சிற்பம் என்று போட்டி ஏறி 1,95,000 பவுண்டுக்குப் போனது. அதேபோல 2002இல் ஒரு தோட்டச் சிலை ஏலத்தில் 5,200 பவுண்டுக்குப் போன படுத்த நிலைப் பெண், இத்தாலியச் சிற்பி கனோவா தன் கடைசிக் காலத்தில் செய்த, பைபிளில் வரும் மக்தலேனா என்று பிறகு தெரிந்தது. 2022இல் 50 லட்சத்திலிருந்து 80 லட்சம் பவுண்டு வரை போகும் என்று ஏலத்தில் வைத்தார்கள், அன்றைக்கு யாரும் வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு என் சிமென்ட் காலை எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

9 மே

டன்ஹாம் மாஸி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார், இங்கேயே எழுதுகிறேன். மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் அந்த மாளிகை வாசலில், ஒரு ஆப்பிரிக்கர் மண்டியிட்டு நிழல்கடிகாரத்தைத் தலைக்கு மேல் தாங்குகிற 18ஆம் நூற்றாண்டு ஈயச் சிலை இருந்தது. 2020 ஜூனில் நேஷனல் டிரஸ்ட் எடுத்துவிட்டது. நான் 2017இல் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன், சிரித்துக்கொண்டு. வெயில், நல்ல வெளிச்சம், மணி சரியாகக் காட்டுகிறதா என்றுதான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. படத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் அந்த முகம்தான் தெரிகிறது. சிலையை அங்கிருந்து எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். வரலாற்றை அழிப்பது என்று வாதிடுபவர்களிடம் ஒன்று கேட்கலாம்: வாசலில் வைப்பது ஒன்று, விளக்கத்தோடு உள்ளே வைப்பது ஒன்று இல்லையா?

இதில் சண்டை போட வேண்டாம், சிங்கத்துக்கே திரும்புவோம்.

24 மே

ரவுஷம் போய் வந்தேன், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர். இதுவும் கென்ட் கைவேலை, தோட்டம் இன்னும் டோர்மர் குடும்பத்திடமே இருக்கிறது. 15 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, நாய்க்கும் இல்லை. ஸ்டோவில் சிலை மேல் ஏறாதே என்று கத்திய தொண்டைக்கு ஒரு நாள் ஓய்வு. புல்வெளி முடியும் இடத்தில் குதிரையைச் சிங்கம் கவ்வும் ஷீமேக்கர்ஸ் சிற்பம், பிறகு மாடிமேடையில் சாகும் வீரன் ஒருவன். இரண்டுமே பழைய சிலைகளின் நகல். தோட்டத்தை அமைத்த ஜெனரல் டோர்மரும் போர்க்களம் கண்ட ராணுவக்காரர், வேலை முடிகிற நேரத்தில், 1741இல், செத்துப்போனார். அந்த வீரன் சாய்ந்து கிடக்கிற கோணம் எனக்கு ஏனோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்கள் பெரியப்பா சாய்ந்திருந்த மாதிரியே இருந்தது. பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். நகல் என்பது அந்தப் பத்து நிமிடமும் நினைவுக்கு வரவே இல்லை.

21 ஜூன்

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். ஸ்டோவுக்குக் கூட்டிப்போனேன், கோதிக் கோயில் பக்கம்.

தெரியாதவர்களுக்கு: அங்கே ஏழு சாக்சன் தெய்வங்கள், அதாவது பழைய ஆங்கிலேயர்கள் கும்பிட்டவை, வட்டமாக. ரிஸ்ப்ராக் போர்ட்லண்ட் கல்லில் செய்தவை ஏலத்தில் சிதறிவிட்டன, சுன்னாவும் தூனரும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறார்கள். ஸ்டோவில் நிற்பது நகல். ஏழும் ஆங்கிலக் கிழமைகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள். அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுன்னா ஞாயிறு, மோனா திங்கள், டியூ செவ்வாய், வோடன் புதன், தூனர் வியாழன், ஃபிரிகா வெள்ளி, சீட்டர்ன் சனி. வரிசை அப்படியே நம்முடையது, கிரகங்களை வைத்து வந்த வாரம்தானே இரண்டும்.

அம்மா வட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். "ராகு கேது எங்கடா?"

இல்லம்மா, ஏழுதான், இது நகல்தான், அசல் மியூசியத்தில் இருக்கு என்றேன்.

"நகலுன்னா? உடைஞ்சா புதுசு செஞ்சு வைக்கிறதுதானே. பிரதிஷ்டை பண்ணாங்களா?"

பண்ணலம்மா.

"அப்ப மியூசியத்துல இருக்கறதும் பண்ணாததுதானே."

ஏப்ரலிலிருந்து நான் இங்கே எழுதியதை எல்லாம் அவரிடம் படித்துக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்து, விட்டுவிட்டேன்.

22 ஜூன்

கேட்டவர்களுக்கு: ஆமாம், படம் எடுத்தேன், ஆறு சாமிகளோடு. சீட்டர்னுக்கு நேர் எதிரே நிற்க அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. என்னையும் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துவிட்டார்.